எச்.ஐ.வி.யின் உறை மாறினால் ஆன்டிபாடி ஏன் திணறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் ஒரு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசப் போயிருந்தேன். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) எடுத்துக்கொள்பவர்கள் பாதி, நர்சிங் படிக்கும் பிள்ளைகள் பாதி. ஆய்வகத்தில் பல வருஷம் ஒரே வேலையைச் செய்தவன் நான்: இந்த ஆன்டிபாடி இந்த வைரஸை முடக்குகிறதா இல்லையா என்று தட்டு தட்டாகப் போட்டுப் பார்ப்பது. பேசி முடித்ததும் துண்டுச் சீட்டுகளில் கேள்விகள் வந்து குவிந்தன. நேரம் போதாமல் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். கேள்விகளைச் சீட்டில் இருந்த பேச்சுநடையிலேயே விட்டிருக்கிறேன்.

ஆன்டிபாடி இருக்குன்னுதானே எனக்கு பாசிட்டிவ்னு ரிப்போர்ட் குடுத்தாங்க? இருந்தும் அது ஏன் என்னைக் காப்பாத்தல?

அன்றைக்கு வந்ததிலேயே சிறந்த கேள்வி இது. கேட்ட அக்கா யாரென்று தெரியாது, சீட்டில் பெயர் இல்லை.

நம்பிக்கை மையத்தில் செய்யும் பரிசோதனை, வைரஸின் ஏதாவதொரு துண்டில் ஒட்டக்கூடிய ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்தோமே, அதுதான் ஆன்டிபாடி. ஆனால் ஒட்டுவது வேறு, முடக்குவது வேறு. உடல் முதல் சில வாரங்களில் உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை வைரஸின் உடைசல்களிலும் உள்ளே ஒளிந்திருக்கும் புரதங்களிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. முழு வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் முள்ளின் மேல், சரியான இடத்தில் உட்கார்ந்தால்தான் நுழைவு தடைபடும். அப்படித் தடுப்பதை ‘முடக்கும் ஆன்டிபாடி’ என்று இங்கே சொல்கிறேன். அது உங்கள் உடலிலும் உண்டாகியிருக்கும். ஏன் போதவில்லை என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

முள்ளுன்னு சொன்னீங்களே, அது எப்படி இருக்கும்?

பண்ருட்டிப் பலா பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். இன்ஃபுளுயன்சா வைரஸ் பலாப்பழம் மாதிரி. ஒரு துகளின் மேல் சில நூறு முட்கள் நெருக்கமாக இருக்கும். எச்.ஐ.வி. அப்படியில்லை, கிட்டத்தட்ட மொட்டை. ஒரு துகளுக்குச் சராசரியாக 14 முட்கள் என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணியிருக்கிறார்கள். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள் உண்டு. பலாவில் இரண்டு கையாலும் இரண்டு முட்களைப் பிடித்துத் தொங்கலாம். எச்.ஐ.வி.யில் அடுத்த முள் எட்டாத தூரத்தில் இருப்பதால் ஒரு கைப்பிடிதான். பிடி தளர்ந்தால் அவ்வளவுதான்.

ஒவ்வொரு முள்ளும் மூன்று ஜோடிப் புரதங்கள் சேர்ந்த கொத்து. மேலே தொப்பி போல ஜிபி120, கீழே காம்பு போல ஜிபி41. ஜிபி120-ல் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் வெள்ளை அணுவின் மேலுள்ள சி.டி.4 என்ற புரதத்தை அதுதான் பிடிக்கும். பிடித்ததும் முள் வடிவம் மாறி, சி.சி.ஆர்.5 என்ற இரண்டாவது பிடியைத் தேடும். அதற்கப்புறம் ஜிபி41 வேலை செய்து வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். பள்ளத்தைச் சுற்றி வி1 முதல் வி5 வரை ஐந்து வளையங்கள். மாற்றங்கள் பெரும்பாலும் நடப்பது இந்த வளையங்களில்தான்.

எவ்வளவு வேகமா மாறுது?

வைரஸ் தன் மரபுச் சங்கிலியை நகல் எடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. சங்கிலியின் நீளம் சுமார் 9,700 எழுத்துகள். லட்சம் எழுத்துக்கு மூன்று பிழை. கணக்குப் போட்டால் மூன்று நான்கு நகலுக்கு ஒரு மாற்றம் வரும். மருந்து எடுக்காத ஒருவர் உடலில் ஒரு நாளில் உண்டாகும் வைரஸ் துகள்கள் சுமார் ஆயிரம் கோடி. போதாததற்கு, ஒரே செல்லுக்குள் இரண்டு வகை நுழைந்தால் சீட்டுக்கட்டு கலைப்பது போல இரண்டும் கலந்துகொள்ளும். உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் சுற்றும் இன்ஃபுளுயன்சா வைரஸ்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு வித்தியாசம் எச்.ஐ.வி. உள்ள ஒரே ஒருவர் உடலுக்குள் இருக்கும். எச்.ஐ.வி.யை பி, சி, ஏ.இ. என்றெல்லாம் வகை பிரித்திருக்கிறார்கள். உறைப் புரதத்தில், அதாவது முள்ளில், ஒரே வகைக்குள் 20 சதவீதம் வரையும், வகைக்கு வகை 35 சதவீதம் வரையும் வேறுபாடு உண்டு.

உடம்பும் புதுசு புதுசா ஆன்டிபாடி செய்யாதா?

செய்கிறது. அதுதான் வேடிக்கை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நின்றிருப்பீர்கள். பாட்டில் கடத்தும் வண்டி ஒன்று மாட்டுகிறது, நம்பரை எழுதி ஒட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே ஆள் வேறு நம்பர் பிளேட்டோடு வருவான். பட்டியல் எப்போதும் போன வாரத்து வண்டியைப் பற்றித்தான் பேசும். எச்.ஐ.வி. உடலில் நடப்பதும் இதேதான். ஒருவருடைய இன்றைய ரத்தத்தை எடுத்து, ஆறு மாதம் முன்பு அவரிடமே இருந்த வைரஸோடு சேர்த்துப் பார்த்தால் அழகாக முடக்கும். இன்றைக்கு அவரிடம் இருக்கும் வைரஸோடு சேர்த்தால் கண்டுகொள்ளாது. ஆன்டிபாடி வருகிறது, வைரஸ் தப்புகிறது, தப்பியதற்கு ஆன்டிபாடி வருகிறது. மருந்து எடுக்காவிட்டால் வருஷக்கணக்கில் இந்த ஓட்டம் நடக்கும்.

தப்பிக்கிறதுன்னா ஒரு எழுத்து மாறினா போதுமா?

சில நேரம் போதும். ஆன்டிபாடி பிடிக்கும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பிடி நழுவிவிடும். வேறு சில நேரங்களில் ஒரு வளையம் நீண்டு, அதற்குக் கீழே இருக்கும் பள்ளத்தை மறைத்துவிடும். பள்ளம் அப்படியேதான் இருக்கும், கை நுழைய வழி இருக்காது.

எனக்குப் பிடித்தது, அதாவது ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் பிடித்தது, சர்க்கரை விளையாட்டு. ஜிபி120-ன் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரைச் சங்கிலிகள். ஒரு ஜிபி120-ல் சுமார் 25 இடங்களில் கட்டியிருக்கும். அவற்றைக் கட்டிவிடுவது நம் செல்லேதான், நம் புரதங்களுக்குக் கட்டும் அதே சர்க்கரை. அதனால் இந்த வைரஸ் ஆசாமி நம் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் தெருவில் நடக்கிறான், நாய்கூடக் குரைப்பதில்லை. ஆன்டிபாடி ஒரு இடத்தைக் கண்டுபிடித்தால், பக்கத்தில் ஒரு சர்க்கரையைப் புதிதாகக் கட்டி மறைப்பான். அல்லது இருப்பதையே இரண்டு அடி தள்ளிக் கட்டுவான். 

ஜிபி120-ன் அமினோ அமில வரிசையில் 332ஆம் இடத்துச் சர்க்கரையைப் பாருங்கள். பி.ஜி.டி.121, 10-1074 என்ற இரண்டு பலமான ஆன்டிபாடிகளும் அந்தச் சர்க்கரையையே கைப்பிடியாக வைத்திருப்பவை. அது 334-க்கு நகர்ந்தால் இரண்டுக்கும் வேலை இல்லை. தாய்லாந்துப் பக்கம் பரவியிருக்கும் ஏ.இ. வகை வைரஸில் பெரும்பாலும் 334-ல்தான் இருக்கிறது. அங்கே போய் இந்த ஆன்டிபாடிகளைப் பிரமாதம் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்கப் பெண்கள் சிலரிடம் இதற்கு நேர்மாறாக நடந்தது. அவர்களுக்குத் தொற்றிய வைரஸில் 332 காலியாக இருந்தது. ஆரம்பத்து ஆன்டிபாடிகளிடமிருந்து தப்ப வைரஸ் சர்க்கரையை அங்கே நகர்த்தியது. நகர்த்தியதால் பல வகை வைரஸ்களை முடக்கும் வேறொரு ‘பரந்த ஆன்டிபாடி’க்கு வாசல் திறந்தது. பள்ளத்துக்குப் பயந்து ஓடிக் கிணற்றில் விழுந்த கதை.

எல்லா வகையையும் பிடிக்கிற ஆன்டிபாடி இருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தானே?

பல வகையைப் பிடிப்பவை இருக்கின்றன. எந்த நம்பர் பிளேட் மாட்டினாலும் கடலூருக்குள் வரப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டுமல்லவா? சி.டி.4 பள்ளம் அந்தப் பாலம். அதை ரொம்ப மாற்றினால் வைரஸ் செல்லுக்குள்ளேயே நுழைய முடியாது. 2010-ல் வெளிவந்த வி.ஆர்.சி.01 அந்தப் பள்ளத்தைக் குறிவைக்கிறது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த சுமார் 190 வைரஸ்களில் 90 சதவீதத்தை முடக்கியது. முள்ளின் உச்சியைப் பிடிக்கும் பி.ஜி.9, பி.ஜி.16 ஆகியவை 2009-ல் வந்தன. அடிக்காம்பைப் பிடிக்கும் 10இ8, இடுக்கில் நுழையும் பி.ஜி.டி.151 என்று இன்னும் உண்டு.

இவை எல்லாமே எச்.ஐ.வி. உள்ள மனிதர்கள் ரத்தத்திலிருந்து எடுத்தவை. ஆனால் எல்லோருக்கும் வருவதில்லை, வருகிறவர்களுக்கும் இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. வைரஸோடு ஓடி ஓடி, ஆன்டிபாடியும் தன்னை அளவுக்கு மீறி மாற்றிக்கொண்டிருக்கும். சர்க்கரைக் காட்டைத் தாண்ட நீண்ட விரல் வளர்த்திருக்கும். அதற்குள் அந்த மனிதரின் வைரஸ் வேறு பக்கம் போயிருக்கும். (பாலத்தைத் தவிர வேறு குறுக்குவழி இல்லையா என்று கடலூர்க்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. இருக்கிறது. வைரஸுக்கும் இருக்கிறது. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.)

அப்ப அந்த வி.ஆர்.சி.01-ஐயே ஊசியா போட்டா தொற்றாம இருக்குமே?

போட்டுப் பார்த்தார்கள். ஏ.எம்.பி. என்ற பெயரில் இரண்டு ஆய்வுகள்: தென்பகுதி ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பெண்களிடம் ஒன்று, வட அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் ஆண்கள், திருநர்களிடம் ஒன்று. மொத்தம் 4,600-க்கும் மேற்பட்டோர். எட்டு வாரத்துக்கு ஒருமுறை, பத்து தடவை, நரம்பு வழியாக ஆன்டிபாடி. 2021-ல் முடிவு வந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை.

நிறையப் பேர் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வரிதான் முக்கியம். தொற்றியவர்களின் வைரஸ்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே 80 சதவீதம் முடங்கும் வைரஸ்களை மட்டும் கணக்கில் எடுத்தால், ஆன்டிபாடி போட்டுக்கொண்டவர்களுக்குப் பாதுகாப்பு 75 சதவீதம். அப்படிப்பட்ட வைரஸ்கள் சுற்றுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி வைரஸ்கள் வழக்கம்போல நுழைந்தன. ஆக, ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. யாருடைய வைரஸுக்கு எதிராக, எவ்வளவு அளவில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த ஆய்வுக்கு அப்புறம்தான் நான் எந்தக் கட்டுரையையும் கடைசி அட்டவணையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

பிரான்சுல இருக்கிற எங்க பெரியப்பா பையன், அங்க ஆன்டிபாடி ஆராய்ச்சி பெரிசா நடக்குதுன்னான். அங்க வேலை செஞ்சா இங்கயும் செய்யும்தானே?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். பாதித் தெருவுக்குப் பாரிஸில் சொந்தம். வைரஸே 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மோன்தாஞ்ஞியேவும் அதற்காக 2008-ல் நோபல் பெற்றார்கள். நம் பக்கம் 1986-ல் சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பாசிட்டிவ் என்று வந்தபோதுதான் இந்தியாவில் இருப்பதே தெரிந்தது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆரம்பத்திலிருந்து பரவியது பி வகை. இந்தியாவில் இருப்பதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சி வகை. ஆரம்ப கால ஆன்டிபாடிகள், ஆரம்ப காலத் தடுப்பூசிகள் பெரும்பாலும் பி வகையை வைத்துச் செய்தவை. 2எஃப்5 என்ற ஆன்டிபாடி ஜிபி41-ன் அடியில் அஸ்பார்டிக் அமிலம், லைசின், டிரிப்டோபான் என்ற மூன்றும் வரிசையாக இருந்தால் பிடிக்கும். சி வகையில் நடுவிலிருக்கும் லைசினுக்குப் பதில் பெரும்பாலும் செரின். முடிந்தது கதை. 2ஜி12 சர்க்கரைக் கொத்தைப் பிடிப்பது. அதற்கு வேண்டிய 295ஆம் இடத்துச் சர்க்கரை சி வகையில் பெரும்பாலும் கிடையாது. அங்கே கொடிகட்டிப் பறந்த இரண்டு ஆன்டிபாடியும் நம் ஊர் வைரஸ் முன்னால் பேசாமல் நிற்கும். மறுபக்கம், தென்னாப்பிரிக்காவில் சி வகை தொற்றிய ஒரு பெண்ணிடமிருந்து வந்த கேப்256-வி.ஆர்.சி.26 குடும்பத்து ஆன்டிபாடிகள் சி வகை பலவற்றை மிகச் சிறிய அளவிலேயே முடக்குகின்றன. தம்பியிடம் சொல்லுங்கள், அங்கே நடப்பதைக் கவனிக்கட்டும். ஆனால் சி வகை எத்தனை சோதித்தார்கள் என்று கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

முடக்குதா இல்லையான்னு எப்படித்தான் பாப்பீங்க?

நான் செய்த வேலை என்பதால் கொஞ்சம் நீளும்.

உயிருள்ள எச்.ஐ.வி. வேண்டாம். ஒருவர் ரத்தத்திலுள்ள வைரஸின் உறை மரபணுவை மட்டும் எடுத்து ஒரு டி.என்.ஏ. வட்டத்தில் பொருத்துவோம். உறை இல்லாத மீதி எச்.ஐ.வி. இன்னொரு வட்டத்தில். இரண்டையும் 293டி என்ற செல்லுக்குள் விட்டால், இரண்டு மூன்று நாளில் மேலே நிற்கும் திரவத்தில் போலி வைரஸ் மிதக்கும். அந்த நபரின் உறையை அப்படியே அணிந்திருக்கும். ஒரு முறை செல்லுக்குள் நுழையும், அதற்கப்புறம் பெருகாது.

ரத்தத்தின் தெளிநீரை 56 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, 96 குழித் தட்டில் 20 மடங்கு, 60, 180, 540 என்று மும்மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே போவோம். ஒவ்வொரு குழியிலும் போலி வைரஸை விட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு டி.இசட்.எம்.-பி.எல். செல்கள், குழிக்குப் பத்தாயிரம். இவற்றுக்குள் மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணு இருக்கிறது. வைரஸ் நுழைந்தால் ஒளிரும். இரண்டு நாள் கழித்து ஒளியை எண்ணும் கருவியில் வைத்தால், பிரகாசமான குழியில் வைரஸ் ஜெயித்திருக்கிறது, மங்கிய குழியில் ஆன்டிபாடி ஜெயித்திருக்கிறது. ஒளி பாதியாகக் குறையும் நீர்ப்பு எது என்பதே விடை.

ஒரு முறை ஒரு மாதிரி, உலக அளவில் பொதுவாகப் பயன்படுத்தும் 12 வைரஸ் தொகுப்பில் பன்னிரண்டையும் அடித்தது. ராத்திரி கடலூர் முதுநகரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டேன். "சரிப்பா, சாப்ட்டியா" என்றாள். மறுநாள் காலை, பார்க்காமல் விட்ட கடைசி வரிசையைப் பார்த்தேன். அதில் எலி வைரஸின் உறை போட்ட போலி வைரஸ் இருந்தது. எந்த எச்.ஐ.வி. ஆன்டிபாடியும் அதைத் தொடாது. அதுவும் மங்கியிருந்தது. அந்த மாதிரி கொடுத்தவர் கூட்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். தெளிநீரில் மிச்சமிருந்த மாத்திரைதான் வைரஸை நிறுத்தியிருக்கிறது, ஆன்டிபாடி இல்லை. ஆன்டிபாடியை மட்டும் தனியே பிரித்து மறுபடி செய்தபோது பன்னிரண்டில் ஒன்று. பிழை என்னுடையது. அன்றிலிருந்து தட்டில் முதலில் பார்ப்பது எலி வரிசையைத்தான்.

‘டயர் 1’, ‘டயர் 2’ன்னு ஸ்லைடுல போட்டீங்களே?

நர்சிங் மாணவி ஒருவர் கேட்டது. முள் மொட்டாகவும் இருக்கலாம், மலர்ந்தும் இருக்கலாம். எஸ்.எஃப்.162 போன்ற வைரஸ்கள் மலர்ந்த தாமரை மாதிரி. உள்ளே இருக்கும் வி3 வளையம் வெளியே தெரியும், எந்த ஆன்டிபாடியும் போய் உட்காரும். இது முதல் நிலை. ஊரில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுபவை பெரும்பாலும் மொட்டு, இரண்டாம் நிலை. மூன்றாவது இன்னும் இறுக்கம். முள்ளின் அமினோ அமில வரிசையில் நடக்கும் சின்ன மாற்றம்கூட இந்தத் திறப்பையும் மூடலையும் மாற்றும், ஆன்டிபாடி பிடிக்கும் இடத்திலிருந்து வெகு தூரத்தில் நடந்தாலும். தடுப்பூசி பற்றிய செய்தியில் முதல் நிலை வைரஸை முடக்கியது என்று மட்டும் இருந்தால் அதற்கு நான் பெரிய மரியாதை தருவதில்லை.

வைரஸ் உறை மாறினா என் மாத்திரை வேலை செய்யாம போயிடுமா?

போகாது. ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் வைரஸின் உள்ளேயிருக்கும் நொதிகளைத் தாக்குகின்றன. உறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மாத்திரையைத் தவறவிடுவதுதான் மாத்திரைக்கு எதிரி.

டெஸ்ட்ல தப்பிச்சிடாதா?

தப்பாது. பரிசோதனைக்கு ஒட்டினால் போதும், முடக்க வேண்டியதில்லை. அதுவும் அதிகம் மாறாத பகுதிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொற்றின ஆரம்ப வாரங்களில் ஆன்டிபாடி வராததால் நெகட்டிவ் காட்டுவது வேறு விஷயம்.

ஏற்கெனவே இருக்கிறவருக்கு இன்னொரு வகையும் தொற்றுமா?

தொற்றும், அடிக்கடி இல்லை. முதல் வைரஸுக்கு எதிராக வந்த ஆன்டிபாடி இரண்டாவதை அடையாளம் காண்பதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. மேலே சொன்ன கேப்256 பெண்ணுக்கும் சில மாதத்திலேயே இரண்டாவது சி வகை வைரஸ் தொற்றியது. அவரது பரந்த ஆன்டிபாடி அந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் கிளம்பியது.

ஒண்ணுக்கு ரெண்டா சேத்துப் போட்டா?

அதுதான் இப்போதைய வழி. பள்ளத்தை ஒன்று, 332 பக்கத்தை ஒன்று பிடித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தப்புவது கஷ்டம். டெரோபாவிமாப், ஜின்லிர்விமாப் என்ற இரண்டு ஆன்டிபாடிகளை லெனகாபாவிர் மருந்தோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டு ஆய்வு செய்கிறார்கள். அதிலும் முதல் ஆய்வில் ஒருவரைச் சேர்க்கும் முன் அவருடைய வைரஸ் இவற்றுக்கு அடங்குமா என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள்.

தடுப்பூசி எப்ப வரும்?

தேதி சொல்பவரை நம்பாதீர்கள். வழி மட்டும் தெளிவாகியிருக்கிறது: பரந்த ஆன்டிபாடியாக வளரக்கூடிய கன்றுச் செல்லைத் தேடிப் பிடித்து முதல் ஊசியில் தட்டி எழுப்புவது. 2022-ல் வெளியான ஆய்வில் ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு வி.ஆர்.சி.01 குடும்பத்துக் கன்று எழுந்தது. கன்றை மரமாக்க அடுத்தடுத்த ஊசிகள் வேண்டும். வேலை அங்கே நிற்கிறது.

ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டாங்க. குடுக்கலாமா?

கொடுக்கலாம், கட்டாயம் இல்லை. மறுத்தால் உங்கள் மருந்துக்கோ சிகிச்சைக்கோ எந்தக் குறையும் வரக்கூடாது. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்து விளக்கச் சொல்லுங்கள். குழாயில் பெயர் இருக்காது, எண் இருக்கும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, அதிலேயே சொல்லியிருக்கும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் நிலையை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல முடியாது. வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தாலும் உங்கள் ரத்தம் பயன்படும். செல்லுக்குள் உறங்கும் டி.என்.ஏ.விலிருந்தே உறை மரபணுவை எடுக்கலாம். ஆகவே ரத்தம் கொடுப்பதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டால், முதலில் உங்கள் ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். சந்தேகத்துக்கு 1097 இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.